ஓவியப் பாடவேளை எங்கே போகிறது?



கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வாங்க நமது அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நாங்கள் சற்றுப் பேச்சுக் கொடுப்பது வழக்கம். இவ்வாண்டு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையிடம், "வாரத்துக்கு எத்தனை டிராயிங் பீரியடும்மா?" என்று கேட்டோம். "டைம்டேபிள்ல ரெண்டு இருக்கு மாமா. ஆனா கணக்கு டீச்சர் வந்துடுவாங்க" என்றாள். உடன் வந்த தாயார், "இருக்கட்டும் அண்ணே, கணக்குதானே சோறு போடும்" என்றார்.

அந்தத் தாயாரின் கவலையில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு பாடவேளைகள் பள்ளி நிர்வாகம் மனமுவந்து தரும் சலுகை அல்ல, பிள்ளைக்குச் சேர வேண்டிய பங்கு. இதைப் பலர் அறியாததால்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சட்டமும் விதியும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால், அப்பள்ளிக்கு மூன்று பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது: கலைக்கல்விக்கு ஒருவர், உடல்நலம் மற்றும் உடற்கல்விக்கு ஒருவர், தொழிற்கல்விக்கு ஒருவர்.

இரண்டாவது, சி.பி.எஸ்.இ. விதி. நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் படிப்படியாக சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளைகளைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2019இல் அறிவித்தது. மற்றப் பாடங்களையும் கலையோடு இணைத்து நடத்தச் சொன்னது. கலைக்கு மதிப்பெண் கிடையாது, கிரேடு மட்டும் உண்டு. மதிப்பெண் இல்லாததால்தான் அந்த நேரத்தை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வது எளிதாகிறது.

மூன்றாவது, 2020இன் தேசியக் கல்விக் கொள்கை. அதன் பல அம்சங்களில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் கலை வேறு, அறிவியல் வேறு என்று பிள்ளைகளைப் பிரித்துவைக்கக் கூடாது என்று அது சொல்வதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிறகு ஏன் நடப்பதில்லை?

முதல் காரணம் ஆசிரியர். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். தொகை பின்னர் உயர்ந்தது. ஆனாலும் பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். கற்பிப்பவரின் வாழ்வே நிச்சயமில்லாதபோது பாடம் எப்படி வேரூன்றும்?

அதே தமிழ்நாட்டில் 2022-23 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திருவிழா நடக்கிறது. மத்திய அரசின் கலா உத்சவ் போட்டிகள் 2015 முதல் நடக்கின்றன. இவை நல்ல முயற்சிகள். ஆனால் போட்டி மேடைக்கு வருவது ஏற்கனவே கற்றுக்கொண்ட பிள்ளை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சனிக்கிழமை கட்டணம் கட்டி ஓவிய வகுப்புக்குப் போகிறது. ஆட்டோ ஓட்டுபவர் பிள்ளைக்கும், தையல்காரர் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியின் அந்த இரண்டு பாடவேளைகளை விட்டால் வேறு வாசல் இல்லை. அந்த வாசலும் அடைபட்டால் நட்டம் யாருக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

மார்க்கம் தடுக்கிறதா?

இது நம் வீடுகளில் எழும் கேள்வி. மறைக்காமல் பேசுவோம். உயிருள்ளவற்றின் உருவம் வரைவதிலும் இசைக்கருவிகளிலும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயமுள்ளவர்கள் நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் அந்த ஓர் ஐயத்துக்காகக் கலை முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் சபையில் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) கவிஞராக விளங்கினார்கள். அரபு எழுத்தணிக் கலையும், கோணங்களும் வட்டங்களும் பின்னிய வடிவ ஓவியமும் முஸ்லிம்கள் உலகுக்கு அளித்த கொடை. கீழக்கரையின் பழைய கல் பள்ளிவாசலில் தமிழகச் சிற்பிகளின் தூண் வேலைப்பாட்டை உருவங்கள் இல்லாமலே காணலாம். பத்தமடைப் பாயை நெய்து புகழ் சேர்த்தவர்கள் நம் சமூகத்துப் பெண்கள். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரும் நம்மவரே.

பெருநாளுக்கு முந்தைய இரவு தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மருதாணி போடும் பெண்ணைப் பாருங்கள். அளவு, சமச்சீர், இடைவெளி எல்லாம் அவள் கையில் இருக்கின்றன. அது கலை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படித்தால் என்ன வழி?

கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர நுழைவுத்தேர்வு உண்டு, அதில் வரையும் திறனையும் சோதிக்கிறார்கள். ஆடை வடிவமைப்பு, அச்சு, விளம்பரம், கணினி வரைகலை ஆகிய எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஓவியமே. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இயங்குகிறது. அது ஓவியம், இசை, நடனம் ஆகியவற்றில் பட்டப்படிப்பு தரும் அரசு நிறுவனம். கதிர்காமத்திலிருந்து தினமும் போய்வரும் தூரம்தான். வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மண்ணைப் பிசைந்த கை நாடறிந்த கையாயிற்று.

எல்லாப் பிள்ளையும் கலைஞராக வேண்டியதில்லை. உயிரியல் படத்தைத் தெளிவாக வரையவும், பத்துப் பேர் முன் கூச்சமின்றிப் பேசவும் பழகினால் அதுவே பெரிய லாபம்.

நாம் செய்ய வேண்டியவை

1. இந்த வாரமே பிள்ளையின் பாடவேளை அட்டவணையைப் பாருங்கள். கலைப் பாடவேளை இருக்கிறதா, நடக்கிறதா என்று கேளுங்கள்.

2. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்கள் தயங்காமல் அதில் சேர வேண்டும். கலை ஆசிரியர் இல்லையென்றால் குழுவின் தீர்மானமாக எழுதிக் கல்வித்துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தலைமையாசிரியரோடு சண்டை வேண்டாம். ஆள் இல்லாமல் தவிப்பவர் அவரும்தான்.

3. பள்ளியில் கொடுக்கும் கலைச் செயல்திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்காதீர்கள். பழைய நாளிதழ், துணித்துண்டு, வீட்டில் இருக்கும் பொருள் போதும். கோணலாக இருந்தாலும் பிள்ளையின் கை செய்ததாக இருக்கட்டும்.

4. நமது அறக்கட்டளை கல்வி நிதியிலிருந்து வரைதாள், வண்ணப் பென்சில் வாங்கித் தர முடிவு செய்துள்ளது. தேவைப்படுவோர் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். எழுத்தணிக் கலையோ தையல் வேலைப்பாடோ தெரிந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிறு மக்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முன்வந்தால், அதுவும் ஸதகாதான்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை விண்ணப்பத்தோடு தன் நோட்டையும் கொண்டுவந்திருந்தாள். கடைசிப் பக்கங்களில் கணக்குக்கு நடுவே கொடிகளும் பிறைகளும் வரைந்திருந்தாள். தாயார் அதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். சற்று நேரம் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "பள்ளிக்கூடத்துல யார்கிட்ட கேக்கணும் அண்ணே?" என்றார். நீங்களும் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் கைகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்