பல் டாக்டரின் வலது கை!

படாளம் அருகே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பெண் ஒருத்தி, பல் டாக்டரிடம் உதவிக்குச் சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாடம் என்ன?

இடுக்கியையும் சிறு கண்ணாடியையும் கழுவுவது! கழுவினால் போதாது. மூடிய பாத்திரத்தில், 121 டிகிரி நீராவியில் வைக்க வேண்டும். தவறினால், ஒருவர் நோய் மற்றவருக்குத் தொற்றும்.

அமெரிக்காவில் ஐரீன் நியூமனும் இப்படி உதவியாளராக இருந்தவர்தான். 1906-ல் டாக்டர் ஆல்பிரட் போன்ஸ் அவருக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1917-ல் அந்தத் தொழிலுக்கு முதல் லைசென்சு பெற்றவர் அவரே!

நம் நாட்டில் 1948-ம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலை ஏற்றது. ஆனால், பார்த்துப் பழகியவர் எல்லோரும் பல்லில் கை வைக்க முடியாது. முறையாகப் படித்துப் பதிவு செய்யவேண்டும்.

பெற்றோர்களே! மகளை வேலைக்கு அனுப்பும்போதே படிப்புக்கும் வழி தேடுங்கள். கைப்பழக்கத்தோடு சான்றிதழும் சேர்ந்தால்தான் தொழில் அவளுக்குச் சொந்தம்!