அணுமின் நிலையக் கொங்கிறீற்றும் தீத்தாங்குந் தன்மையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவிலே, காடடர்ந்த நிலத்தில், பிரித்தானியர் தம் கடற்படையின் தேவைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் ஏறத்தாழ நூறு இன்றும் நிற்கின்றன. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபொழுது அவற்றுள் ஒரு தாங்கி தீப்பற்றிக்கொண்டது. அது ஏழு நாள் எரிந்ததென்பது இப்பகுதியார் வழிவழியாகக் கூறுஞ் செய்தி. அதன் உருக்குத் தகடுகள் மெழுகுபோற் துவண்டு மடிந்தன. உருக்கு உருகுவதற்கு ஏறத்தாழ 1500 பாகை வெப்பம் வேண்டும். (ஈண்டுக் கூறப்படும் வெப்பநிலைகள் யாவும் சதமவளவைப் பாகைகளாம்.) எண்ணெய்த் தீ அவ்வளவு வெப்பத்தை எட்டுவதில்லை. அங்ஙனமாயின் அத்தகடுகள் மடிந்தமைக்குக் காரணம் யாது?

உருக்கு உருகுவதற்கு நெடுநேரத்துக்கு முன்னரே வலியிழந்துவிடுகின்றது என்பதே இதற்கு விடை. 550 பாகையளவில் சாதாரண உருக்குத் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். அந்நிலையில் அது தன் பாரத்தையே தாங்கமாட்டாது வளையும். எரியாத பொருள் தீக்கு அஞ்சாத பொருள் என்னும் பொதுநம்பிக்கை பிழையானது என்பதற்குச் சீனன்குடாவை விட நல்ல சான்று வேண்டுவதில்லை.

கொங்கிறீற்றின் இயல்பு வேறு. அதுவும் எரியாதது, ஆயின், உருக்கோடு ஒப்பிடும்போது வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவது. அறையொன்றில் மூண்ட தீ, பரிசோதனைச் சாலைகளிற் பின்பற்றப்படும் நியமத்தின்படி, ஒரு மணி நேரத்தில் 945 பாகையை எட்டும். அப்பொழுது கொங்கிறீற்றுத் தளமொன்றில் ஓர் அங்குல ஆழத்தில் ஏறத்தாழ 350 பாகையும், இரண்டங்குல ஆழத்தில் ஏறத்தாழ 200 பாகையுமே இருக்கும். எனவே வலுவூட்டுங் கம்பிகளின் உயிர் அவற்றை மூடியிருக்குங் கொங்கிறீற்றின் தடிப்பிலே தங்கியுள்ளது. மேசன்மார் பலர், கம்பியைப் பலகையின்மேற் கிடத்தியவாறே கொங்கிறீற்றை வார்த்துவிடுவர். கம்பிக்குக் கீழே சிறு சீமெந்துக் கட்டைகளை வைத்து உயர்த்துவதற்குக் காற்பணச் செலவே ஆகும். அதைத் தவிர்த்த தளமோ தீயில் அரைமணி நேரமும் நில்லாது போகலாம்.

எனினுங் கொங்கிறீற்றும் மாறாத பொருளன்று. 100 பாகையைக் கடந்ததும் அதன் நுண்டுளைகளில் உள்ள நீர் ஆவியாகத் தொடங்கும். 300 பாகையளவில் இரும்புச் சேர்வைகளைக் கொண்ட கற்கள் இளஞ்சிவப்பு நிறம் பெறும். தீ அணைந்த பின் கட்டடத்தைச் சோதிக்கும் பொறியியலாளர் இந்நிறத்தைக் கொண்டே வெப்பம் எவ்வளவு ஆழஞ் சென்றதென அளவிடுவர். 400 பாகைக்கு மேல் சீமெந்திலுள்ள கல்சியம் ஐதரொட்சைட்டு நீரை இழந்து சுண்ணாம்பாகும். இச்சுண்ணாம்பு பின்னர் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, தீயில் தப்பிய சுவரைச் சில நாட்களின் பின் உதிரச் செய்வதும் உண்டு. 573 பாகையிற் படிகக்கல்லின் உள்ளமைப்பு மாறி அது சட்டென விரியும். அதே வேளையிற் சீமெந்துப் பசை நீரிழந்து சுருங்குகின்றது. ஒன்று விரிய மற்றொன்று சுருங்கின் வெடிப்பு விழாதிருக்குமா?

இவற்றினும் கொடியது தெறிப்பு. உள்ளே ஆவியான நீர் வெளியேற வழியின்றி அமுக்கம் மிகுந்து, மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கச் செய்யும். நெருக்கமும் வலிமையும் மிக்க கொங்கிறீற்றிலேயே இக்கேடு மிகுதி என்பது வியப்பானதே. 1996 ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப் பாதையில் மூண்ட தீயில், உயர்தரக் கொங்கிறீற்றாலான சுவர்ப் பாளங்கள் இவ்வாறே உரிந்து மெலிந்தன. இக்காலத்தில் பொலிப்புரோப்பிலீன் இழைகளைக் கொங்கிறீற்றிற் கலப்பர். அவை 170 பாகையளவில் உருகி, ஆவி வெளியேறுதற்கு நுண்வழிகளை விட்டுச் செல்லும்.

இனி அணுமின் நிலையங்களுக்கு வருவோம். மன்னார்க் குடாவுக்கு அப்பால், கூடங்குளத்தில் 2013 ஆம் ஆண்டு முதலாவது உலை இயங்கத் தொடங்கியது முதல் இலங்கையிலும் அதுபற்றிய அச்சம் பேசப்படுகின்றது. அங்கு உலையைச் சூழ்ந்துள்ள உட்கூடு முன்தகைத்த கொங்கிறீற்றாலானது. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ளது. மூன்று மணி நேரத் தீ அத்தகைய சுவரிற் சில அங்குலத்தையே கெடுக்கும். ஆயினும் இரண்டு விடயங்களைப் பொறியியலாளர் மறப்பதில்லை. முன்தகைப்புக்குப் பயன்படும் இழுத்த கம்பி, சாதாரணக் கம்பியைப் போல 550 பாகை வரை பொறாது. 400 பாகையளவிலேயே தளரும். ஆறிய பின்னும் பழைய வலிமையை முற்றாகப் பெறாது. மற்றையது, உலைச் சுவர் பாரந் தாங்குவதோடு கதிரையுந் தடுக்க வேண்டும் என்பது. நியூத்திரன்களைத் தணிப்பது கொங்கிறீற்றில் அடங்கியுள்ள நீரின் ஐதரசனே. தீயினால் நீரிழந்த சுவர், நிமிர்ந்து நின்றபோதிலும், தடுப்பாற்றலில் ஒரு பங்கை இழந்ததாகும். இதனாலேயே உலைக் கொங்கிறீற்று நெடுங்காலம் 65 பாகைக்கு மேற் சூடேறலாகாதென அமெரிக்க விதிகள் கூறுகின்றன. கதிர்த்தடுப்புக்கென இல்மனைற்று முதலிய அடர்ந்த கனியங்களைச் சேர்த்து வார்ப்பதும் உண்டு. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் கருமணலாகக் கிடப்பதும் அதுவே.

அணுமின் நிலையங்களில் நிகழ்ந்த பெருந்தீக்களை நோக்கின், சுவர் தோற்றமையால் விளைந்த கேடு அரிது. 1975 ஆம் ஆண்டு மார்ச்சு 22 ஆந் திகதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பிரவுன்ஸ் பெரி நிலையத்தில், மின்வடங்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்திற் காற்றுக் கசிகின்றதா என ஊழியரொருவர் மெழுகுதிரியைப் பிடித்துப் பார்த்தார். துளையை அடைத்திருந்த நுரைப்பொருள் பற்றிக்கொண்டது. தீ ஏறத்தாழ ஏழு மணி நேரம் நின்றது. 1600 க்கு மேற்பட்ட மின்வடங்கள் பழுதுற்றன. கொங்கிறீற்றுக்கு நேர்ந்த கேடு சிறிதே. கோட்டை மதிலைத் திறமாகக் கட்டி, வாயிலுக்கு வைக்கோற் கதவிட்ட கதையே இது.

இந்தியாவில், 1993 ஆம் ஆண்டு மார்ச்சு 31 ஆந் திகதி உத்தரப் பிரதேசத்து நரோரா நிலையத்தில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. நீராவிச் சுழலியின் அலகுகள் முறிந்தன, அதிர்ச்சியால் மின்பிறப்பாக்கியின் ஐதரசன் கசிந்து எரிந்தது, எண்ணெயும் பற்றிக்கொண்டது. ஒன்று கெடின் மற்றொன்று உதவ வேண்டுமென அமைத்த மின்வடங்கள் தக்க தீத்தடையின்றி அருகருகே சென்றமையால் சேர்ந்தே வெந்தன. பதினேழு மணி நேரம் நிலையம் மின்னிழந்து கிடந்தது. தீயணைப்புக்கென வைத்திருந்த டீசற் பம்பிகளைக் கொண்டே ஊழியர் நீராவிப் பிறப்பாக்கிகளுக்கு நீரூட்டி உலையின் வெப்பத்தைத் தணித்தனர். உலைக்கூடு அசையவில்லை. ஆபத்து வந்ததோ சுவரின் உறுதிக்குறைவாலன்று. ஒரே அறையில் இரு வடங்களையும் விட்ட சிக்கனத்தாலாம்.

கல்பாக்கத்தில் மற்றொரு வகைச் சிக்கல் உண்டு. 1985 ஆம் ஆண்டு அங்கு இயங்கத் தொடங்கிய விரைவு ஈனுலையை உருகிய சோடியம் குளிர்விக்கின்றது. சூடான சோடியம் காற்றுப்பட்டால் எரியும். கொங்கிறீற்றின்மேற் சிந்தினாலோ அதிலுள்ள நீரோடு தாக்கமுற்று ஐதரசனை வெளிவிடும். கட்டடங்களைத் தீயினின்று காக்கும் அதே நீர் ஈண்டுத் தீக்கு இரையாகின்றது. ஆதலின் சோடியஞ் சிந்தக்கூடிய அறைகளிற் கொங்கிறீற்றை உருக்குத் தகட்டால் மூடுவர். தண்ணீரால் அத்தீயை அணைக்க முற்படார்.

இலங்கையும் அணுமின் உற்பத்தி பற்றி ஆராய்ந்துவருகின்றது. அத்தகைய நிலையத்துக்குக் குளிர்விக்கும் நீர் பெருமளவில் வேண்டுமாதலின், கடற்கரையே அதற்குப் பெரிதும் ஏற்ற இடமாகும். ஆயின் கடற்கரையில் தீயோடு உப்புக்காற்றையும் எண்ண வேண்டும். உப்பு மெல்ல உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு தன் பருமனாற் கொங்கிறீற்றைப் பிளக்கும். அவ்வாறு மூடி பிளந்த தூணில், தீயின் வெப்பம் ஓரங்குலத்தையுங் கடக்க வேண்டியதில்லை. கம்பியை நேரே தொடும். இருபது ஆண்டுக்கு முன் வார்த்த தூண் இன்றைய தீயை எவ்வளவு நேரந் தாங்குமென வரைபடத்தைப் பார்த்துக் கூறவியலாது. திருகோணமலைக் கடலோரத்துப் பழைய கட்டடங்கள் சிலவற்றின் கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து நோக்கின், மேற்றளத்தின் அடியிற் செந்நிறக் கம்பிகள் வரிவரியாக வெளித்தெரிவதைக் காணலாம்.