பிளேட்லெட் கணக்கு சரி... ரத்தம் ஏன் நிற்கவில்லை?

வேங்கிக்காலில் பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் என் வைத்தியசாலையில் கால்வலிக்காரர்கள் கூட்டம்தான். அப்படி ஒரு நாளில்தான் அந்த ரிடையர்டு வாத்தியார் வந்தார். வயது 62.

"நாலு படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர். கிரிவலத்துல பாதியிலேயே ஆட்டோ பிடிச்சுட்டேன்!"

ஏழு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரை. "ரத்தத்தை மெலிசாக்கற மாத்திரையாம். அதனாலதான் இந்த அசதி. அதை நிறுத்திட்டு உங்க மருந்தையே சாப்பிடறேனே..." என்றார்.

"அதை மட்டும் செய்யாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ரத்தசோகை! அன்னபேதிச் செந்தூரம் கொடுத்து அனுப்பினேன். நான் செய்த தவறு அதுதான்.

மூன்றாவது வாரம் அவர் மனைவி வந்தார். "மலம் தார் மாதிரி கறுப்பாப் போகுதுங்க ஐயா" என்றார். இரும்புச் சத்து மருந்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்படாதீங்கம்மா என்றேன். அந்த அம்மா தயங்கினார். "இல்லீங்க... உங்க மருந்துக்கு ஒரு மாசம் முன்னாடியே அப்படித்தான். அவருதான் சொல்ல வேணாம்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் மலம் தார் போலத்தான் போகும். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்காமல் கொடுத்த செந்தூரம், நோயின் அடையாளத்தையே மறைத்துவிட்டது!

அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 7.4. பிளேட்லெட் 2 லட்சத்து 30 ஆயிரம். ரிப்போர்ட்டைக் கொண்டு வந்த மகன் கேட்டார்: "ரத்தத்தை உறைய வைக்கிறது பிளேட்லெட்தானே? அது சரியா இருக்கே. அப்புறம் ஏன் ரத்தம் நிக்கலை?"

டெங்கு புண்ணியத்தில் இன்று எல்லா வீட்டிலும் பிளேட்லெட் கணக்கு அத்துப்படி. ஆனால் கணக்கு மட்டும் போதாது. பிளேட்லெட்டைத் தூண்டிவிடுவது யார், அடக்கி வைப்பது யார் என்பதும் தெரிய வேண்டும். அந்த மகனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓட்டை அடைக்கும் கொத்தனார்

பிளேட்லெட் என்பது தமிழில் தட்டணு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் ஏழு முதல் பத்து நாள்தான். காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது என்று வையுங்கள். குழாய் கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். உருவம் மாறிக் கைகளை நீட்டும். ஏ.டி.பி. போன்ற ரசாயனங்களைக் கக்கி, "இங்கே வாங்க!" என்று மற்ற தட்டணுக்களையும் கூப்பிடும். கொஞ்ச நேரத்தில் ஓட்டை அடைபடும்.

இதே கூட்டம் இதயக் குழாய்க்குள்ளோ மூளைக் குழாய்க்குள்ளோ கூடினால்? மாரடைப்பு, பக்கவாதம்! ஆகவே தட்டணுவுக்கு ஒரு கடிவாளம் வேண்டும்.

கடிவாளம் பிடிக்கும் வாயு

அந்தக் கடிவாளங்களில் முக்கியமானது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. பல் பிடுங்கும்போது கொடுக்கும் சிரிப்பு வாயு அல்ல. அது நைட்ரஸ் ஆக்சைடு. இது நம் ரத்தக் குழாயின் உள்சுவரே தயாரிப்பது.

1980ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் ரத்தக் குழாயை வைத்து ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். உள்சுவர் பத்திரமாக இருந்தால் மருந்து பட்டதும் குழாய் தளர்ந்து விரிகிறது. உள்சுவர் உரசிப் போயிருந்தால் விரிவதில்லை. ஏதோ ஒன்று உள்சுவரிலிருந்து வருகிறது! அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று அவரும் லூயிஸ் இக்னாரோவும் 1986ல் தனித்தனியே சொன்னார்கள். நைட்ரோகிளிசரின் மருந்து இந்த வாயுவை வெளிவிட்டுத்தான் வேலை செய்கிறது என்பதை ஃபெரிட் முராட் 1977லேயே கண்டிருந்தார். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து வெளியே வந்த சில வருஷங்களில், 1998ல், மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நைட்ரோகிளிசரினை வைத்துத்தான் ஆல்ஃப்ரெட் நோபல் டைனமைட் செய்தார். கடைசிக் காலத்தில் அவருக்கே நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே மருந்துதான்! இன்று நாக்கின் அடியில் வைக்கும் ஸார்பிட்ரேட் மாத்திரையும் இந்தக் குடும்பம்தான்.

இந்த வாயு தட்டணுவுக்குள் புகுந்ததும் உள்ளே கால்சியம் ஏறுவது குறைகிறது. கால்சியம் ஏறாவிட்டால் தட்டணு கையை நீட்டாது. 'சும்மா போ' என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது போல!

சிவப்பணுவுக்கு இரண்டு முகம்

சிவப்பணு பிராணவாயு சுமக்கும் கூலியாள் என்றுதான் படித்திருப்போம். தட்டணு விஷயத்திலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்று, ரத்தம் ஓடும்போது சிவப்பணுக்கள் குழாயின் நடுவே ஓடும். தேர்த் திருவிழாக் கூட்டம் நம்மைச் சுவரோரம் நெருக்குமே, அதுபோல சின்னத் தட்டணுக்களைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிடும். கிழிசல் வந்தால் ஆள் தயாராக நிற்கும். அதனால்தான் ரத்தசோகையில் பிளேட்லெட் சரியாக இருந்தாலும் ரத்தம் நிற்க நேரமாகிறது.

இரண்டு, சிவப்பணு அடிபட்டு உடைந்தால் அதிலிருந்தும் ஏ.டி.பி. கொட்டும். தட்டணுவை அது தூண்டிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின், நைட்ரிக் ஆக்சைடைக் கண்டால் விழுங்கிவிடும். பைக்குள் அடைபட்டிருக்கும்வரை விழுங்குவது மெதுவாக நடக்கும். பை உடைந்து ஹீமோகுளோபின் வெளியே சிந்தினால் கடிவாளமே போச்சு! அரிவாள் அணு நோயில் நடப்பது இதுதான். நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் 1952ல் இந்தியாவில் முதன்முதலாக அந்த அணு கண்டறியப்பட்டது. அந்த நோயை ஒழிக்க 2023ல் தேசிய இயக்கமே தொடங்கியிருக்கிறார்கள்.

அதே சிவப்பணு நல்லதும் செய்யும். பிராணவாயு குறைந்த இடத்தில், ரத்தத்தில் உள்ள நைட்ரைட் உப்பை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றித் தருவதும் ஹீமோகுளோபின்தான்.

இப்போது வாத்தியாருக்கு வருவோம். அவர் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரி. ஆனால் மாத்திரைகள் அவற்றின் கையைக் கட்டிப் போட்டிருந்தன. ஸ்டென்ட் அடைபடாமல் இருக்க அது வேண்டியதுதான். கசிவினால் சிவப்பணுவும் குறைந்துபோக, தட்டணுவைச் சுவரோரம் தள்ள ஆளில்லை. கசிவால் சோகை, சோகையால் மேலும் கசிவு! மாதவிலக்கில் அதிகம் போகும் பெண்களும் இதே சுழலில் மாட்டிக்கொள்ளலாம். நம் தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு.

வீட்டில் என்ன செய்யலாம்?

நடங்கள். ரத்தம் வேகமாக ஓடிக் குழாய்ச் சுவரை உரசும்போதுதான் நைட்ரிக் ஆக்சைடு அதிகம் சுரக்கும். மாதம் ஒரு நாள் 14 கிலோமீட்டர் கிரிவலம் நல்லதுதான். தினம் அரை மணி நேரம் அதைவிட நல்லது!

கீரை சாப்பிடுங்கள். முளைக்கீரை, சிறுகீரை, பீட்ரூட் இவற்றில் நைட்ரேட் உண்டு. நாக்கில் வாழும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட்டாக்கும். உடம்பு அதை வாயுவாக்கிக்கொள்ளும். கிருமி கொல்லும் மவுத்வாஷை டாக்டர் சொல்லாமல் தினமும் கொப்பளிக்காதீர்கள். 'அசிட்ரோம்' மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பீடி, சிகரெட்டை விடுங்கள். புகையும், அடங்காத சர்க்கரையும், ரத்தக் கொதிப்பும் உள்சுவரைக் கெடுக்கும். சுவர் கெட்டால் வாயு ஏது?

ஸார்பிட்ரேட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆண்மைக்கென்று விற்கும் சில்டெனாஃபில் பக்கம் போகவே கூடாது. ரத்த அழுத்தம் தடாலென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், பூண்டு லேகியம், இஞ்சி லேகியம் எதுவானாலும் இரண்டு பக்க வைத்தியரிடமும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மலம் கறுத்தால், ஈறில் ரத்தம் வந்தால், அசதி கூடினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அரை மணி நேரம்கூட அவகாசம் கிடைக்காமல் போகலாம்.

வாத்தியாருக்கு எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது. இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் கலந்து பேசி, எந்த மாத்திரை தொடர வேண்டும் என்று முடிவு செய்து, புண்ணுக்கும் மருந்து கொடுத்தார்கள். ரத்தமும் ஏற்றினார்கள். கசிவு நின்றது. இப்போது ஹீமோகுளோபின் 12. விடிகாலையில் அவரும் அந்த அம்மாவும் நடப்பதைப் பார்க்கிறேன்.

நான் ஒன்று கற்றுக்கொண்டேன். அசதி என்று யார் வந்தாலும், நாடியில் கை வைக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: "மலம் என்ன நிறத்துல போகுது?"