லேப்டாப்பில் பைதான் ஏற்கெனவே இருக்கிறது

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்கு பைதான். 2019-ல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் மேட்பிளாட்லிப் என்ற பைதான் நூலகம் கொண்டு வரைபடம் போடக் கற்றுக்கொடுப்பதுவரை போகிறது. சங்கரன்கோவிலில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதற்கான கணக்கை வெளியே தேட வேண்டியதில்லை. பூ மார்க்கெட்டில் ஒரு வாரத்து மல்லி விலையை எழுதிவந்து பட்டை வரைபடமாகப் போட்டால், முகூர்த்த நாளில் விலை எங்கே ஏறி நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். எட்டுப் பத்து வரி நிரல் போதும். ஆனால் பலர் அந்த நிரலுக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். பைதானை லேப்டாப்பில் போடுவதிலேயே சிக்கல் வந்துவிடுகிறது.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ், சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். டெபியன் என்ற பெரிய லினக்ஸ் திட்டத்தின் மேல் கட்டப்பட்டது. உபுண்டுவும் டெபியன் வழி வந்ததுதான். அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப் இன்று தம்பி கையில் இருக்கும் வீடுகளில், விண்டோஸ் திணறினாலும் இவற்றில் ஒன்று பெரும்பாலும் ஓடிவிடும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ‘பைதான்’ என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பதில் வரலாம். உடனே இணையத்தில் தேடி, எங்கிருந்தோ ஒரு கோப்பை இறக்கத் தொடங்குகிறோம். அது தேவையே இல்லை. ‘பைதான்3’ என்று எண்ணையும் சேர்த்துத் தட்டினால் போதும். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. அதுவரை ‘பைதான்’ என்ற பெயர் பழைய பதிப்பைக் குறித்துவந்ததால், டெபியன்காரர்கள் அதைச் சட்டென்று புதியதற்கு மாற்றிக் கொடுக்கவில்லை. பைதான்3 பெரும்பாலான கணினிகளில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இயங்குதளத்தின் பல கருவிகள் பைதானில் எழுதப்பட்டவை என்பதால் இயங்குதளத்துக்கே அது வேண்டும்.

அடுத்த தடுமாற்றம் ஐடில். பைதான் நிரலை எழுதி ஓட்ட, பாடப்புத்தகம் ஐடில் சாளரத்தைத் திறக்கச் சொல்கிறது. மெனுவில் அது இருக்காது. விண்டோஸ் நிறுவியில் எல்லாம் ஒரே மூட்டையாக வரும். டெபியனில் ஐடில் தனிப் பொதி. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐடில்’ என்று ஒரு வரி கொடுத்தால் வந்துவிடும். மேட்பிளாட்லிப்புக்கும் அதே வரிதான். கடைசியில் ‘பைதான்3-மேட்பிளாட்லிப்’ என்று பொதியின் பெயரைப் போட வேண்டும்.

அந்த ஒரு வரிக்குள் நடக்கும் வேலை பெரிது. தறி ஓடப் பாவு மட்டும் இருந்தால் போதாது, ஊடை வேண்டும், நாடா வேண்டும் என்று விசைத்தறிக்காரர்களுக்குத் தெரியும். அதுபோல மேட்பிளாட்லிப்புக்கு எண் கணக்குகளுக்கான ‘நம்பை’ நூலகம் வேண்டும், படங்களைக் கையாளும் நூலகம் வேண்டும், தேதிகளைப் படிக்க இன்னொன்று வேண்டும். அவற்றுக்கும் தனித்தனியாகத் தேவைகள் உண்டு. எது எதைச் சார்ந்தது, எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும் என்ற கணக்கு முழுவதையும் போட்டு, எல்லாவற்றையும் வரிசையாக இறக்கி நிறுவுவது ஆப்ட். டெபியன் 1993-ல் தொடங்கியது. அதன் 2.1 பதிப்போடு 1999-ல் ஆப்ட் பொதுப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு இந்தச் சார்புகளைத் தேடித் தீர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் கொண்ட டெபியன் 12-லும் அதே ஆப்ட்தான் வேலை செய்கிறது.

இறங்கி வருவது அசல்தானா என்று ஆப்ட் எப்படிச் சரிபார்க்கிறது என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பேன். ‘ஆப்ட் அப்டேட்’ கொடுக்கும்போது முதலில் ஒரு தலைப்பட்டியல் வரும். அதில் டெபியனின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். அதைச் சோதிக்கும் சாவி ஏற்கெனவே நம் கணினியில் இருக்கிறது. அந்தத் தலைப்பட்டியலில் பொதிப் பட்டியல்களின் கைரேகை எண்கள் இருக்கின்றன. பொதிப் பட்டியலில் ஒவ்வொரு பொதியின் கைரேகை எண்ணும் இருக்கிறது. இறங்கிய கோப்பில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் பொருந்தாது, ஆப்ட் அதை ஏற்காது. தேடலில் முதலில் வந்த தளத்திலிருந்து இறக்கும் கோப்பை நமக்காக யாரும் இப்படிச் சோதிப்பதில்லை.

ஆப்ட் கொடுப்பது பழைய பதிப்பு என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் பைதான் 3.11, அந்த வெளியீடு இருக்கும்வரை அதுதான், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். பிளஸ் டூ பாடத்துக்கு 3.11 தாராளமாகப் போதும். தாமதத்தால் நன்மையும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இஸட் என்ற சுருக்கக் கருவியின் புதிய பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு வந்துவிட்டிருந்தன. மக்கள் பயன்படுத்தும் நிலையான வெளியீட்டை அவை எட்டவில்லை.

பைதானுக்கென்று பிப் என்ற தனி நிறுவியும் உண்டு. உலகம் முழுதும் நிரலாளர்கள் எழுதிப் போடும் நூலகங்கள் அதன் கிடங்கில் உடனுக்குடன் கிடைக்கும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி பைதானின் மேல் எழுதப்பட்டது. அதுவும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் பொதி போடலாம். புகழ்பெற்ற நூலகங்களின் பெயரைச் சற்றே மாற்றிப் போலிகளைப் போட்டிருந்தது 2017-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. எழுத்துப் பிழையோடு ஒரு பெயரைத் தட்டினால் வேறொருவருடைய நிரல் நம் கணினிக்குள் வந்துவிடும்.

டெபியன் 12-லும் உபுண்டுவின் இப்போதைய பதிப்புகளிலும் பிப் கொண்டு நேரடியாக நிறுவப் போனால், ‘இந்தச் சூழலை நிர்வகிப்பது வேறொருவர்’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிடும். பயந்துவிட வேண்டாம், கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பைதானின் பெப் 668 என்ற விதி செய்யும் காவல் அது. இயங்குதளத்தின் கருவிகள் நம்பியிருக்கும் நூலகத்தின் இடத்தில் பிப் வேறொரு பதிப்பை வைத்துவிட்டால், அந்தக் கருவிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். பைதான்3 என்ற கட்டளையையே வேறு பதிப்புக்குத் திருப்பிவிட்டு, பிறகு டெர்மினலே திறக்காமல் தவித்தவர்கள் பலர். தடையை மீற ஒரு தேர்வு இருக்கிறது. ‘இயங்குதளப் பொதிகளை உடை’ என்பதுதான் ஆங்கிலத்தில் அதன் பெயரே. யூடியூப் வீடியோக்கள் அதைச் சாதாரணமாகச் சேர்க்கச் சொல்கின்றன. மாணவர்கள் அதைத் தொடவே கூடாது. பிப்புக்கு முன்னால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைப் போடுவதும் கூடாது.

ஆப்ட்டில் இல்லாத நூலகம் வேண்டுமென்றால் வழி, தனிச்சூழல். முதலில் ஆப்ட் கொண்டு ‘பைதான்3-வென்வ்’ பொதியை நிறுவிக்கொள்ள வேண்டும். பிறகு ‘பைதான்3 -எம் வென்வ் பூவிலை’ என்று கொடுத்தால் பூவிலை என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாகும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். அதைச் செயல்படுத்திவிட்டு பிப்பை ஓட்டினால், நிறுவுவதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். குழப்பம் வந்தால் கோப்புறையை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். இயங்குதளத்தின் பைதானுக்கு எதுவும் ஆகாது.

இணையம் மெதுவாக இருக்கும் பள்ளி ஆய்வகங்களுக்கு ஒரு செய்தி. ஆப்ட் என்ற கட்டளை நிறுவி முடித்ததும் இறக்கிய பொதிகளை அழித்துவிடும். ‘ஆப்ட்-கெட்’ என்ற பழைய கட்டளை அவற்றை வைத்திருக்கும். ஒரு கணினியில் ஆப்ட்-கெட் கொண்டு ஐடிலையும் மேட்பிளாட்லிப்பையும் நிறுவிவிட்டு, ‘வார்’ கோப்புறைக்குள் ‘கேஷ்’, அதற்குள் ‘ஆப்ட்’, அதற்குள் ‘ஆர்க்கைவ்ஸ்’ என்று போனால் எல்லாப் பொதிகளும் அங்கே இருக்கும். அவற்றைப் பென்டிரைவில் எடுத்து, அதே இயங்குதளப் பதிப்பு ஓடும் மற்ற கணினிகளில் இணையம் இல்லாமலே நிறுவிக்கொள்ளலாம். முதல் கணினியில் முன்பே நிறுவப்பட்டிருந்த பொதிகள் அந்தக் கோப்புறையில் வராது என்பதால், எல்லாக் கணினிகளிலும் இயங்குதளத்தைப் புதிதாகப் போட்ட கையோடு இதைச் செய்துவிடுவது நல்லது.