கிட்டாரில் தீட்டிய ஓவியமும் அதைக் காக்கும் மேற்பூச்சும்

கையால் செய்யப்பட்ட கிட்டாரின் உடலில் தீட்டப்படும் ஓவியம் பார்வைக்காக மட்டும் இருப்பதன்று. வாசிப்பவரின் முன்கை அதன்மேல் ஓயாமல் உராய்கிறது, வியர்வை படிகிறது, அடியிலுள்ள மரமோ காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வண்ணப்படலத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே அதன்மேல் நிறமற்ற பூச்சு இன்றியமையாததாகிறது. ஆனால் காக்க வரும் அந்தப் பூச்சே ஓவியத்தைக் கரைத்துவிடவும் கூடும் என்பதால், எந்த வண்ணத்தால் தீட்டுவது என்ற முடிவை, இறுதியில் எந்தப் பூச்சு வரப்போகிறது என்பதை அறிந்த பின்னரே எடுக்க வேண்டும்.

மேற்பூச்சின் தேவைக்கு ராக் இசைக்கலைஞர் எரிக் கிளாப்டனின் கிட்டார் தெளிவான சான்றாகும். 1964ஆம் ஆண்டின் கிப்சன் எஸ்ஜி வகையைச் சேர்ந்த அது தொழிற்சாலையில் உருவானதே எனினும், 1967இல் அதன்மேல் ‘தி ஃபூல்’ என்னும் டச்சுக் கலைக்குழுவின் சிமோன் போஸ்துமாவும் மரைக்கே கோகரும் எண்ணெய் எனாமல் வண்ணங்களால் தீட்டியது முழுக்கக் கைவேலை. இடைவிடாத வாசிப்பில், குறிப்பாகக் கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில், வண்ணம் உரிந்தது. பின்னாளில் அதன் உரிமையாளரான இசைக்கலைஞர் டாட் ரண்ட்கிரென் அதைச் செப்பனிட்டு மேற்பூச்சு இடச்செய்தார். 2023இல் ஏறத்தாழ 12.7 லட்சம் டாலருக்கு ஏலம் போன அக்கருவியில் இன்று காணப்படுவது மூல ஓவியமும் பிற்காலச் செப்பனிடலும் கலந்த ஒன்று.

கிட்டார் செய்வோர் நெடுங்காலமாக விரும்பும் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். அதாவது, நைட்ரிக் அமிலத்தால் மாற்றப்பட்ட செல்லுலோஸைக் கடுமையான கரைப்பான்களில் கரைத்து ஸ்பிரே செய்யும் பூச்சு. இதன் ஒவ்வொரு புதிய படலமும் முந்தைய படலத்தைச் சற்றே இளக்கி அதனுடன் ஒன்றாகிவிடுவது பழுதுபார்ப்பதற்கு நல்ல பண்பு. ஆனால் அதே கரைப்பான்கள் அக்ரிலிக் வண்ணத்தையும் இளக்கிவிடும். எண்ணெய் வண்ணத்தின் சிக்கல் வேறு: அது நீர் வற்றுவதால் அல்ல, காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுகிறது, தடித்த தீட்டலுக்கு மாதக்கணக்கில் ஆகும். உள்ளே இன்னும் இறுகாத வண்ணத்தின்மேல் விரைந்து காயும் லேக்கரை இட்டால் மேற்படலம் சுருங்கும் அல்லது வெடிக்கும்.

எனவே வண்ணத்துக்கும் லேக்கருக்கும் நடுவில் ஒரு தடுப்புப் படலம் தேவைப்படுகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படுவது மெழுகு நீக்கிய ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சியின் சுரப்பைத் தூய்மையாக்கி ஆல்கஹாலில் கரைத்த பூச்சு. மெழுகு நீக்கப்படாவிடில் அதன்மேல் வரும் சில பூச்சுகள், குறிப்பாகப் பாலியூரித்தேன், சரியாகப் பற்றுவதில்லை. ஆல்கஹாலும் அக்ரிலிக்கை ஓரளவு இளக்கும் என்பதால் ஷெல்லாக்கைத் துணியால் தேய்க்காமல் மென்மையான ஸ்பிரேயாக இடுவதே தகும். ஆல்கஹால் மையுள்ள மார்க்கரால் வரைந்திருந்தால் கோடுகள் பரவிவிடும். ஷெல்லாக்குக்குப் பின் வரும் லேக்கரின் முதல் சில படலங்களும், மேற்பரப்பை அடையும்போதே பாதி காய்ந்துவிடும்படி, பனி போல மெலிதாக விழ வேண்டும். பொறுமையிழந்து ஈரமாக இட்ட ஒரே படலம் பல வார உழைப்பைக் கரைத்துவிடும்.

இதைவிட மிகுதியான ஓவியங்கள் அழிவது உப்புத்தாளால்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. வண்ணம் தீட்டிய இடம் சுற்றியுள்ள மரத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்பதால், மேலே வரும் பூச்சும் அதே மேடுபள்ளத்தைப் பின்பற்றுகிறது. சமப்படுத்தத் தேய்க்கும்போது உப்புத்தாள் முதலில் தொடுவது மேட்டை, அதாவது ஓவியத்தைத்தான். அதன் விளிம்பில் ஒருமுறை வண்ணம்வரை தேய்ந்துவிட்டால், பழைய நிறத்தை அப்படியே ஒத்துத் தீட்டுவது மிக அரிது. பள்ளத்தில் மட்டும் சிறு தூரிகையால் லேக்கரைச் சொட்டுச் சொட்டாக இட்டு நிரப்பி, மேடு மறைந்த பின்னரே தேய்ப்பது நல்ல வழி. கடைசிப் படலத்துக்குப் பின் மூன்று, நான்கு வாரங்கள் காத்திருந்து மெருகேற்றுவதும் தேவை. கரைப்பான் வெளியேற வெளியேறப் படலம் தாழ்ந்து, மறைந்ததாகத் தோன்றிய விளிம்பு மீண்டும் தெரியலாம்.

ஆனால் மேட்டை மறைக்கப் பூச்சைத் தடிமனாக்கிக்கொண்டே போகவும் இயலாது. மின்சாரக் கிட்டாரின் கட்டை உடலில் அதனால் பெருந்தீங்கு இல்லை. அகூஸ்டிக் கிட்டாரிலோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்பேயுள்ள மேற்பலகைதான் தந்தியின் அதிர்வை ஒலியாக்குகிறது, அதன்மேல் ஏறும் ஒவ்வொரு படலமும் அதிர்வை மட்டுப்படுத்துகிறது. ஆன்ட்வெர்ப் நகரின் ருக்கர்ஸ் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டில் ஹார்ப்சிகார்டு என்னும் விசைப்பலகைத் தந்திக் கருவிகளின் ஒலிப்பலகைகளில் மலர்களை நீர்வண்ணத்தால் மெலிதாகத் தீட்டியது இன்றும் பின்பற்றத்தக்க முறையாகும். விரிவான ஓவியம் வேண்டுமெனில் அதற்குரிய இடம் பின்பலகையும் தலைப்பகுதியுமே.

நைட்ரோசெல்லுலோஸ் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும் என்பதையும் ஓவியர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்: வெள்ளை தந்த நிறமாகும், நீலம் பச்சையை நோக்கி நகரும். நீலமே உயிரான ஓவியத்துக்கு, மஞ்சளாகும் தன்மை மிகக் குறைந்த நீர்வழி அக்ரிலிக் பூச்சு மேலானது. அதன் தோற்றத்தில் லேக்கரின் ஆழம் சற்றுக் குறைந்தாலும் நிறம் நிலைக்கும்.