"ஆயில் கம்மியா இருக்கு சார்"

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வாலாஜா டோல்கேட்டைச் சுற்றி டீக்கும் டீசலுக்கும் நிற்கும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. விடுமுறை நாள் விடியற்காலையில் லாரிகளுக்கு நடுவே தரையை உரசியபடி ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வந்து நிற்கும். "ஆயில் செக் பண்ணிடவா சார்?" என்று யாராவது கேட்டால், தலையாட்டுவதற்கு முன் யோசியுங்கள். ஒரு காருக்குச் சரியான முறை அடுத்த காருக்குத் தவறாகிவிடும்.

சாதாரண காரில் ஆயில் இன்ஜினின் அடித்தொட்டியில் கிடக்கும். வெகுதூரம் ஓடி நிறுத்திய கையோடு பார்த்தால் ஒரு பங்கு ஆயில் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு குச்சியை எடுத்துச் சுத்தமான துணியால் துடைத்து, கடைசிவரை செருகி, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். பாதி செருகிய குச்சியும் குறைவாகத்தான் காட்டும். அது அவசரமா கைவரிசையா என்பது செருகியவருக்கே வெளிச்சம்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தைப் போன்ற இடத்தில் வேகமாக வளைந்தால் தொட்டியிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அதனால்தான் சில ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆயிலுக்குத் தனித் தொட்டி வைக்கிறார்கள். இதற்கு டிரை சம்ப் என்று பெயர். பழைய ஏர்கூல்டு போர்ஷே 911 கார்களில் இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஐடிலில் ஓடும்போதே குச்சியைப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும். புதிய மாடல்கள் பலவற்றில் குச்சியே கிடையாது, திரையில்தான் அளவு தெரியும். உங்கள் கார் எந்த வகை என்பதைச் சொல்ல வேண்டியது ஓனர்ஸ் மேனுவல்தான், பக்கத்தில் நிற்பவர் அல்ல.

குறைந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். அதிகமானாலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், அழுத்தம் விழும், சீல்கள் கசியும். பல கார்களில் குச்சியிலுள்ள மின் (MIN), மேக்ஸ் (MAX) கோடுகளுக்கு இடையே இருப்பது சுமார் ஒரு லிட்டர்தான். அவசரமாக ஊற்றிய ஒரு டப்பாவே கோட்டைத் தாண்டிவிடும். இன்னொன்று: ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்பு என்று சில கையேடுகளே சொல்கின்றன. அடுத்த சர்வீஸ் வரை பார்க்கவே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே அணையுங்கள். "வேலூர் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் சீஸ் ஆகும். அடியில் கல் பட்டு ஆயில் கசிந்தது விபத்துதான்; ஆனால் அதற்குப் பிறகும் ஓட்டியதால் வந்த சேதத்தைத் தொடர்விளைவு என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா, அதில் என்னென்ன விலக்கு என்று இன்றே பாலிசியைப் பாருங்கள்.

"வெளியே ஆயில் ஊற்றினீங்களா? அப்போ வாரண்டி போச்சு" என்பது அடிக்கடி கேட்கும் மிரட்டல். உதிரிபாகம், வாரண்டி நிபந்தனைகள் தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. எப்படியிருந்தாலும், மேனுவல் சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றினேன் என்று காட்ட உங்களிடம் பில் இருக்க வேண்டும். கிரேடு, அளவு, தேதி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது.

தப்பு நடந்துவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குடியிருக்கும் ஊரிலிருந்தே தொடுக்கலாம். காரே பழுது, விலை 50 லட்சத்துக்கு மேல், 2 கோடி வரை என்றால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆனால் சர்வீஸில்தான் குறை என்றால் அந்த பில் தொகைதான் கணக்கு, மாவட்ட ஆணையமே போதும். அதற்கு முன் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். ஜாப் கார்டில் நடந்ததை எழுதி வாங்கி, டிப்ஸ்டிக்கையோ திரையையோ படமெடுத்து, காலி டப்பாவையும் மிச்ச ஆயிலையும் பத்திரப்படுத்துங்கள். ஆயிலே போலி என்று சொல்ல நேர்ந்தால், ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்ப மாதிரி வேண்டியிருக்கும்.