தனிமையைத் தாண்டிய தூரிகை

கற்பிட்டிக்குப் போகும் வீதியோரக் கிராமம் ஒன்றில் எமது பெண்கள் குழு மாதம் ஒருமுறை கூடும். சிறுகடன், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பேசி முடிப்பதற்கே நேரம் போதாது. ஒருநாள் கடும் மழை. வீடு திரும்ப முடியாமல் எல்லோரும் இருந்துவிட்டோம். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, "நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டைக் கீறுங்கள்" என்றேன்.

பலர் கூரையும் கதவும் கீறினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையோடு புத்தளம் வந்து சேர்ந்த ராத்தா ஒருவர் மட்டும் ஒரு மாதுளையைக் கீறியிருந்தார். இலை, பூ, வெடித்த பழம் எல்லாம் அதில் இருந்தன.

"வீடு எப்பிடி இருந்ததெண்டு இப்ப சரியா ஞாபகம் இல்ல பிள்ளை. வாசல்ல நிண்ட இந்த மரம் மட்டும் இலை இலையா ஞாபகம் இருக்கு" என்றார்.

அந்தத் தாளைப் பார்த்தபோது, பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நான் வாசித்தறிந்த மேரியன் நோர்த் என்ற பெண்ணின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவரை வாசகிகளுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

பிரபு வம்சத்துப் பெண்

மேரியன் 1830இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். பழைய பிரபு வம்சம் அவருடையது. தந்தை பிரெட்றிக் நோர்த் பாராளுமன்ற உறுப்பினர். இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநரின் பெயரும் பிரெட்றிக் நோர்த் என்பதே. அவர் அதே வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்தவர்.

அக்காலத்தில் இத்தகைய குடும்பத்துப் பெண்களுக்குப் பாட்டும் ஓவியமும் கற்பிப்பார்கள். ஆனால் அதைத் தொழிலாகக் கொள்ள இடமளிக்கமாட்டார்கள். நல்ல இடத்தில் மணமுடிப்பதற்கான தகைமையாகவே அவை கருதப்பட்டன. 1855இல் தாய் இறக்கும்போது, தந்தையைத் தனியே விடமாட்டேன் என்று மேரியனிடம் வாக்குறுதி பெற்றார். மேரியன் திருமணம் செய்யவில்லை. தந்தையே அவருக்குத் தோழனும் துணையுமாக இருந்தார்.

1869இல் தந்தையும் இறந்தார். அப்போது மேரியனுக்கு 39 வயது. ஒரே துணையை இழந்தவருக்கு எஞ்சியது ஓவியம்தான். எண்ணெய் வர்ணத்தில் தீட்ட அவர் 1867 அளவில்தான் கற்றிருந்தார். உலகத்தின் தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே போய் வரைவது என்று முடிவெடுத்தார்.

காட்டிலே ஒரு கூடம்

1871இல் வட அமெரிக்காவுக்கும் ஜமேக்காவுக்கும் புறப்பட்டார். பிறகு பிறேசில், ஜப்பான், போர்னியோ, ஜாவா, இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, சிலி என்று 1885 வரை பயணம் தொடர்ந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போகும்படி ஆலோசனை கூறியவர் விஞ்ஞானி சார்ள்ஸ் டார்வின்.

தாவர ஓவியர்கள் வழமையாகச் செடியைப் பிடுங்கி, வெள்ளைத் தாளில் தனியாக வரைவார்கள். மேரியனோ செடியோடு அதன் மண்ணையும் மலையையும் பூச்சிகளையும் சேர்த்து வரைந்தார். போர்னியோவின் சரவாக்கில் 1876இல் அவர் வரைந்த குடுவைத் தாவரம் அதுவரை மேலைத்தேய அறிஞர்கள் அறியாத இனம் என்பது அந்த ஓவியத்தின் மூலமே தெரியவந்தது. அதற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

அதே பயணத்தில் அவர் எமது நாட்டுக்கும் வந்தார். பேராதனைப் பூங்காவைப் பார்த்தார். களுத்துறைக் கடற்கரையில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற பெண் புகைப்படக் கலைஞரின் வீட்டில் தங்கினார். அங்கு கமரன் எடுத்த மேரியனின் படங்கள் இன்றும் உள்ளன. அடுத்த பயணத்தில் தென்னிந்தியா சென்று மதுரையையும் தஞ்சாவூரையும் கண்டார்.

லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் தன் சொந்தச் செலவில் ஓர் ஓவியக் கூடம் கட்டிக் கொடுத்தார். 1882இல் திறக்கப்பட்ட அக்கூடத்தில் 800க்கு மேற்பட்ட ஓவியங்கள் சுவர் தெரியாமல் நிறைந்திருக்கின்றன. அவற்றின் கீழே 246 வகை மரப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. வருகிறவர்களுக்குத் தேநீரும் கோப்பியும் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். பூங்கா நிர்வாகம் மறுத்துவிட்டது. அவர் தேயிலைச் செடியையும் கோப்பிச் செடியையும் கதவுகளைச் சுற்றி வரைந்து வைத்தார்! 1890இல் அவர் காலமானார்.

எமக்கும் அவருக்கும் உள்ள தூரம்

இதை வாசிக்கும் சகோதரி ஒருவர், "பணமும் பெயரும் இருந்தவருக்கு இது முடியும், எமக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆளுநர்களின் மாளிகைகளும் துரைமாரின் பங்களாக்களும் அவருக்குத் திறந்திருந்தன. அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களும் வழி காட்டியவர்களும் பெரும்பாலும் பெயரில்லாதவர்களாகவே போய்விட்டார்கள். செடியின் உள்ளூர்ப் பெயரும் அதன் பயனும் அந்த ஏழைகளுக்குத்தான் தெரிந்திருக்கும்.

நாம் அந்தப் பெயரில்லாதவர்களின் பக்கத்தில் நிற்கிறவர்கள். ஆகவேதான் எமது அறிவை நாமே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். எந்தக் கீரை பிள்ளை பெற்றவளுக்கு ஆகும், எந்த வேரடியில் இறால் குஞ்சு ஒதுங்கும், மணல் பறக்காமல் பிடித்து வைப்பது எந்தக் கொடி என்பதெல்லாம் எமது பெண்களுக்குத் தெரியும். புத்தளம் களப்போரத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் மரங்கள் வெட்டப்பட்டபோது, மீன் குறைவதை முதலில் உணர்ந்தவர்கள் உலை வைக்கும் பெண்களே. பின்னர் 2015இல் தொடங்கிய கண்டல் பாதுகாப்புத் திட்டமொன்று கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்கியது. 2016இல் சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

ஒரு கொப்பி போதும்

எமது குழுவில் இப்போது ஒரு பொதுக் கொப்பி இருக்கிறது. ஒரு பக்கத்தில் செடியின் படம். எதிர்ப்பக்கத்தில் பெயர், எங்கே வளரும், எதற்குப் பயன்படும், யாரிடம் கேட்டறிந்தோம் என்ற குறிப்பு. எழுதத் தெரியாதவர் சொல்ல, பிள்ளைகள் எழுதுகிறார்கள். அடம்பன், தாழை, கண்டல் என்று பக்கங்கள் நிறைகின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எமக்குப் புதிதல்ல.

முதல் பக்கத்தில் ராத்தாவின் மாதுளை. 2009இல் போர் முடிந்த பிறகு அவர் தன் வளவைப் பார்க்கப் போனார். கிணற்றுக்கட்டு இருந்தது, மரம் இல்லை. திரும்பி வந்து கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. அந்த வேதனையை ஒரு படம் ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புத்தளத்தில் பிறந்த பேத்தி, "உம்மும்மா, உங்கட வாசல்ல என்ன நிண்டது?" என்று கேட்டபோது, காட்டுவதற்கு அவரிடம் ஒரு பக்கம் இருந்தது.

சகோதரிகளே, உங்கள் வாசலில் நின்றது எது? இன்றைக்கே ஒரு தாளில் கீறி வையுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை.